கரும்புச் சக்கையும் ஞானப்பல்லும்

இந்தப் பொங்கல் வியாழக்கிழமை வந்தது. ஞாயிறு வரைக்கும் சேர்த்து நாலு நாள் லீவு. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. பல்வலிக்காரர்களுக்கு இதைவிடக் கெட்ட செய்தியும் கிடையாது. நாலு நாளும் பல் கிளினிக்குகள் பூட்டியிருக்கும். போதாக்குறைக்கு நான் இருந்தது மதுரையில் இல்லை, சிவகங்கைப் பக்கம் அப்பத்தா வீட்டில். அங்கே சாதாரண நாளிலேயே பல் டாக்டரைப் பார்க்க பஸ் ஏறித்தான் போக வேண்டும்.

பொங்கல் அன்று மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து கரும்பு கடித்தேன். மேலூர்க் கரும்பு, நல்ல கறுப்பு, பல்லை வைத்ததும் தோல் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. கத்தியால் சீவித் துண்டு போட்டுத் தின்பது எனக்குப் பிடிக்காது. சாயங்காலம் இடது பக்கம் கீழே, கடைசிப் பல்லுக்கும் பின்னால், ஏதோ குறுகுறுவென்றது. நாக்கை விட்டுத் துழாவினேன், ஒன்றும் அகப்படவில்லை. ராத்திரி 11 மணிக்குக் குறுகுறுப்பு வலியாக மாறியது. 1 மணிக்கு எது பல், எது காது, எது தொண்டை என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. எச்சில் விழுங்கினால் காதுக்குள் குத்தியது.

இது எனக்குப் புதிதில்லை. மூன்றாவது தடவை. முதல் தடவை வந்தபோது எனக்கு 24 வயது. ஞானப்பல் பெரும்பாலும் 17-லிருந்து 25 வயதுக்குள் எட்டிப் பார்க்கும். எனக்குக் கடைசி பஸ்ஸில் வந்தது. அப்போது நாலு நாள் வலித்து, தானாக அடங்கிவிட்டது. அடங்கியதும் மறந்துவிட்டேன். 28 வயதில் மறுபடி வந்தது, மறுபடி அடங்கியது, மறுபடி மறந்தேன். இந்தப் பல்லுக்கு ஞானம் என்று யார் பெயர் வைத்தார்களோ, என்னைப் பார்த்து வைத்திருக்க மாட்டார்கள்.

விஷயம் என்னவென்றால், அது அடங்கியதே தவிர சரியாகவில்லை. கீழ்த் தாடையில் கடைசியில் வருகிற இந்தப் பல்லுக்கு நிறையப் பேருக்கு இடம் போதாது. நேராக முளைக்க முடியாமல் முன்னால் இருக்கிற கடைவாய்ப் பல் பக்கம் சாய்ந்து, பாதி வெளியே வந்து பாதியில் நின்றுவிடும். மீதிப் பாதியை ஈறு ஒரு மடல் மாதிரி மூடிக்கொண்டிருக்கும். பாதி இறக்கின கடை ஷட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். தூசியும் குப்பையும் அடியில் புகுந்துவிடும், துடைப்பம் புகாது. சோற்றுப் பருக்கை, கறி நார், கரும்புச் சக்கை எது உள்ளே போனாலும் அங்கேயே கிடந்து அழுகும். கிருமி பெருகும், மடல் வீங்கும். வீங்கின மடலை மேல்வரிசைப் பல் ஒவ்வொரு கடிக்கும் நசுக்கும், அதனால் இன்னும் வீங்கும். டாக்டர்கள் இதற்குப் பெரிகோரோனைட்டிஸ் என்று பெயர் சொல்வார்கள். ஞானப்பல் வலி என்று நாம் புலம்புவதில் பெரும்பகுதி இதுதான். பல்லுக்குள் வலிப்பது இல்லை, பல்லைச் சுற்றிய ஈறு வலிப்பது.

இது தெரியாமல் அன்று ராத்திரி முதலில் நான் செய்தது முழுத் தப்பு. அலமாரியில் கிராம்புத் தைலம் இருந்தது. பஞ்சில் நன்றாக நனைத்து, வலிக்கிற இடத்தில் வைத்து அழுத்திக் கடித்துக்கொண்டேன். அஞ்சு நிமிஷம் சொர்க்கம். மரத்துப் போய்விட்டது. பத்தாவது நிமிஷம் எரிய ஆரம்பித்தது. செல்போன் டார்ச்சை அடித்துக் கண்ணாடியில் பார்த்தால், பஞ்சு பட்ட இடமெல்லாம் ஈறு வெள்ளை வெளேரென்று வெந்திருந்தது.

கிராம்பைக் குறை சொல்லவில்லை. அதிலிருக்கிற யூஜெனால் நிஜமாகவே மரத்துப்போகச் செய்யும். பல் டாக்டர்களே அதை ஜிங்க் ஆக்ஸைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைக்கிறார்கள். கிளினிக்கில் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற வாசனை பாதி அதுதான். ஆனால் தைலத்தை நேராக வைக்கக் கூடாது. ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெயில் ஓரிரு சொட்டு விட்டு, அதைப் பஞ்சு நுனியில் தொட்டு லேசாகத் தடவி எடுத்துவிட வேண்டும். அதைவிட, முழுக் கிராம்பு ஒன்றை அந்தப் பக்கம் ஒதுக்கிக்கொள்வது பாதுகாப்பு. குழந்தைகள் கையில் தைலப் புட்டி கிடைக்கக் கூடாது, உள்ளே போனால் விஷம். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் இதே மாதிரி வேக வைக்கும். மாத்திரை வயிற்றுக்குப் போகத்தான், ஈறில் ஒட்ட இல்லை.

என் முனகலில் அப்பத்தா எழுந்துவிட்டது.

"என்னத்தா இது, மூஞ்சி ஒரு பக்கமா வீங்கிக் கெடக்கு?"

"பல்லு வலிக்குது அப்பத்தா."

"சொன்னா என்ன? இரு, உப்ப வறுத்து ஒத்தடம் குடுக்குறேன். விடிய முன்ன ஓடிரும்."

வேண்டாமென்று சொல்லுமுன் அடுப்பு பற்றிவிட்டது. கல்லுப்பு வாணலியில் படபடவென்று வெடித்தது. பழைய வேட்டித் துணியில் முடிந்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அப்பத்தா என் கன்னத்தில் ஒற்றியது. சுகமாகத்தான் இருந்தது, அதை ஒளிக்க முடியாது. அரை மணி நேரத்தில் கன்னம் இன்னொரு சுற்றுப் பெருத்தது.

அப்போதுதான் சித்தி மகளுக்குப் போன் போட்டேன். பல் மருத்துவப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறாள். நல்லவேளை, பரீட்சைக்குப் படித்துக்கொண்டு முழித்திருந்தாள். வாய்க்குள் டார்ச் அடித்து எடுத்த போட்டோவை அனுப்பச் சொன்னாள். பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, ஒத்தடம் எதுவும் குடுத்தீங்களா?"

கிருமி வேலை செய்கிற இடத்தில் வெளியிலிருந்து சூடு கொடுத்தால் ரத்த ஓட்டம் கூடி வீக்கம் ஏறும், சீழ் இருந்தால் வெளிப்பக்கம் இழுக்கும் என்றாள். கன்னத்துக்கு வெளியே குளிர்ச்சி, வாய்க்குள் வெதுவெதுப்பு. இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து, அதே வேட்டித் துணியில் சுற்றி, 15 நிமிஷம் வைத்து, எடுத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி வைத்தேன். ஐஸைத் தோலில் நேராக வைக்கக் கூடாது. அப்பத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. "ராத்திரியில போயி ஐஸக் கட்டிக்கிட்டு... சளி புடிக்கப் போகுது" என்று சொல்லிக்கொண்டே படுத்தது.

அடுத்தது உப்புத் தண்ணீர். இதைச் சொன்னதும் "இதான் தெரியுமே" என்று நீங்கள் தாண்டிப் போகலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆனால் எனக்குக் கொப்பளிக்கத் தெரியவில்லை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. அண்ணாந்து தொண்டையில் களகளவென்று கொப்பளிப்பது தொண்டைவலிக்கு. இதற்குத் தலையை வலிக்கிற பக்கம் சாய்த்து, தண்ணீரைக் கடைசிப் பல்லடியில் தேக்கி, அரை நிமிஷம் வைத்திருந்து, கன்னத்தால் அலசித் துப்ப வேண்டும். டம்ளர் காலியாகும் வரை இப்படி. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கட்டாயம். வீட்டில் செய்கிற வைத்தியங்களில் வலியின் காரணத்தைத் தொடுகிறது இது ஒன்றுதான், ஏனென்றால் இதுதான் அழுக்கை வெளியே எடுக்கிறது. மற்றதெல்லாம் நம்மைச் சமாதானப்படுத்துகிற வேலை.

மூன்றாவது டம்ளரில் வாஷ்பேசினில் ஏதோ விழுந்தது. ஒரு அங்குலத்துக்கும் குறைவான கரும்பு நார். பழுப்பு நிறமாகி, நாற்றமெடுத்து. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. மறுநாள் மெடிக்கலில் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, உப்புத் தண்ணீரை அந்த மடலுக்கு அடியில் மெதுவாகப் பீய்ச்சிக் கழுவினேன். இன்னும் ரெண்டு நார் வந்தது. மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். குண்டூசி, ஊக்கு, பல்குத்தி எதையும் உள்ளே விட்டு நோண்டாதீர்கள். பல் விளக்காமல் விடவும் கூடாது. சின்னப் பிள்ளைகள் பிரஷ் வாங்கினால் தலை சிறியதாக, மிருதுவாக இருக்கும். வீங்கின வாயிலும் பின்னால் வரை போகும்.

மாத்திரை விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு ஒத்துவருமா என்று மருந்தாளுநரிடமோ டாக்டரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் டோலோ 650 இருந்தது. அது பாராசிட்டமால். ஒன்று போட்டால் அடுத்ததற்கு 6 மணி நேரம் இடைவெளி. பெரியவர்களுக்கு எப்படிப் பார்த்தாலும் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு இருப்பவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் அதுவே அதிகம். பல்வலிக்கு இன்னும் நன்றாகக் கேட்பது ஐபுப்ரோஃபன், ஏனென்றால் வலியோடு வீக்கத்தையும் சேர்த்துக் குறைக்கும். சாப்பிட்டபிறகுதான் போட வேண்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள், கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. டெங்குவாக இருக்குமோ என்ற காய்ச்சல் நேரத்திலும் கூடாது.

வெள்ளிக்கிழமை மெடிக்கலில் பல்வலி என்றதும் ஒரு காகிதக் கவரில் அஞ்சு வகை மாத்திரை போட்டுக் கொடுத்தார்கள். "காலையில ஒரு செட்டு, ராத்திரி ஒரு செட்டு." அட்டையைக் காட்டச் சொல்லிப் பெயரைப் படித்தேன். ஒன்றில் ஏற்கெனவே பாராசிட்டமால் கலந்திருந்தது. நான் டோலோவையும் சேர்த்துப் போட்டிருந்தால் கணக்கு இரட்டித்திருக்கும். இன்னொன்று ஆன்டிபயாடிக், மூணே மூணு நாளைக்கு. வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தேன். ஆன்டிபயாடிக் எப்போது வேண்டும், எது வேண்டும் என்பதை வாயைத் திறந்து பார்த்தவர் சொல்ல வேண்டும், கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் இல்லை. மடலுக்கு அடியில் குப்பை இருக்கிற வரைக்கும் மாத்திரையால் மட்டும் அது தீராது.

சனிக்கிழமை வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் வாய் திறக்க மாட்டேனென்றது. சித்தி மகள் ஒரு சோதனை சொன்னாள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு நடுவில் நுழைகிறதா பார்க்க வேண்டும். எனக்கு ரெண்டு விரல் கஷ்டப்பட்டுப் போனது. "ஒரு விரலாச்சுன்னா லீவு, பொங்கல்னு பாக்காதீங்கக்கா. பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்பிருங்க." காய்ச்சல் குளிரோடு வந்தால், வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கினால், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகினால், நாக்கு மேலே தூக்கின மாதிரி இருந்தால், குரல் மாறினால், மூச்சு இழுத்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். பல்லில் தொடங்கி வாயின் அடித்தளத்துக்குப் பரவி மூச்சுக்குழலை அடைக்கிற இந்த நோயை 1836-லேயே லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். பல்வலியில் யாரும் சாவதில்லை என்று நம் ஊரில் சொல்வார்கள். செத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. தாடை வலியோடு நெஞ்சு இறுக்கம், வேர்வை, நடந்தால் வலி கூடுவது இருந்தால் அது பல்லாக இல்லாமல் இதயமாக இருக்கலாம். நாற்பது தாண்டினவர்கள் கிராம்பைத் தேடுவதற்கு முன்னால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

ராத்திரித் தூக்கத்துக்கு ஒரு வழி இருக்கிறது. மட்டமாகப் படுத்தால் தலைக்கு ரத்தம் ஏறி விண்விண்ணென்று தெறிக்கும். ரெண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்து படுத்தேன், முக்கால்வாசி உட்கார்ந்த மாதிரி. தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன். விடிந்தது.

அந்த நாலு நாளும் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் கொண்டுவந்தார்கள். கொய்யா இலைக் கஷாயம், பூண்டு, மஞ்சள், வேப்பங்குச்சி. இவற்றில் பாதி தொந்தரவில்லாதது. பச்சைப் பூண்டை நசுக்கி வைத்தால் மட்டும் தைலம் மாதிரியே ஈறு வெந்துவிடும். எருக்கம்பால் என்று ஒருவர் சொன்னபோதுதான் எனக்குப் பகீரென்றது. அது புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ரகசியமாக ஒரு புகையிலைக் காம்பை நீட்டினார். "சும்மா அதக்கிக்க, வலி தெரியாது."

அப்பத்தா அதைப் பிடுங்கித் தன் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டது. அப்பத்தாவுக்குப் புகையிலை பழகியதே பல்வலியில்தான். எங்கள் அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது கடைவாயில் வலி வந்து, யாரோ ஒரு துண்டு கொடுத்திருக்கிறார்கள். வலி போயிற்று, பல்லும் ஒவ்வொன்றாகப் போயிற்று, புகையிலை போகவில்லை. எங்கள் தெருவில் மட்டும் இப்படிப் பழகினவர்கள் நாலு பேரை எனக்குத் தெரியும், எல்லாரும் பெண்கள். அவர்கள் யாரையும் அந்தக் காலத்தில் பல் டாக்டரிடம் கூட்டிப்போக ஆளில்லை. புகையிலை கலந்த பற்பொடிக்கும் பேஸ்டுக்கும் 1992-ல் தடை வந்தது. சுருக்குப்பையை அந்தத் தடை தொடவில்லை.

திங்கட்கிழமை மதுரையில் கிளினிக். டாக்டரம்மா மடலுக்கு அடியில் கழுவிச் சுத்தம் செய்தார். அந்தப் பத்து நிமிஷத்தில் கிடைத்த நிம்மதி, நாலு நாள் வைத்தியத்தில் கிடைக்கவில்லை. பிறகு ஓபிஜி எக்ஸ்ரே. நாம் நிற்க, தலையைச் சுற்றி மெஷின் ஒரு வட்டம் வரும். மொத்தப் பல்வரிசையும் ஒரே படத்தில் விழும். என் பல் முன்னால் இருக்கிற பல்லின் இடுப்பில் தலையை முட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்தது. வலியில்லாத ஞானப்பல்லைச் சும்மா எடுக்க வேண்டியதில்லை என்று அவரே சொன்னார். இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே அரசு மருத்துவத்தில் அதுதான் விதி. ஆனால் மூன்று தடவை சீழ் வைத்தது சும்மா இருக்கிற பல் இல்லை. முன்னால் இருக்கிற பல்லையும் சொத்தையாக்கிவிடும், எடுத்துவிடலாம் என்றார். சரியென்றேன். கீழுதட்டுக்குப் போகிற நரம்பு வேருக்குப் பக்கத்தில் ஓடுவதையும் படத்தில் காட்டி, சில பேருக்குக் கொஞ்ச நாள் உதடு மரத்திருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கினார். இப்படிச் சொல்கிற டாக்டரை நான் நம்புவேன்.

தனியார் கிளினிக்கில் எனக்கு 6,500 ரூபாய் ஆனது. அவ்வளவு முடியாதவர்களுக்கு மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் பல் பிரிவு இருக்கிறது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இப்போது புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. சென்னை, சிதம்பரத்துக்கு அடுத்தது அது. நேரம்தான் செலவாகும்.

பிப்ரவரி முதல் வாரம் எடுத்தார்கள். ஊசி போட்டபின் வலி இல்லை, சத்தம்தான். பல்லை ரெண்டாக அறுத்து எடுக்கிற சத்தம் மண்டைக்குள் கேட்கும். நாற்காலியில் படுத்திருந்தபோது ஹொரேஸ் வெல்ஸ் ஞாபகம் வந்தார். 1844 டிசம்பரில் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில், சிரிப்பூட்டும் வாயுவை இழுத்துக்கொண்டு, தன் கடைவாய்ப் பல்லையே இன்னொரு டாக்டரைப் பிடுங்கச் சொன்ன பல் மருத்துவர். அதற்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்தவர்களை நினைத்துக் கையைக் கூப்பிக்கொண்டேன்.

எடுத்தபின் முதல் நாள் கொப்பளிக்கவும் கூடாது, காறித் துப்பவும் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சவும் கூடாது. பல் இருந்த குழியில் உறைகிற ரத்தக்கட்டிதான் அதற்கு மூடி. அது பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து, மூணாம் நாள் வாக்கில் முன்னதைவிடப் பெரிய வலி வரும். மறுநாளிலிருந்து பழைய உப்புத் தண்ணீர், இந்தத் தடவை மிக மெதுவாக. குழைந்த ரசம் சோறு, ஆறின ரவைக் கஞ்சி, ஐஸ்கிரீம். ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். அதற்குள் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நான் பேசுகிற மாதிரியே கன்னத்தை ஒதுக்கிப் பேசிப் பழகியிருந்தார்கள்.

தையல் பிரிக்கப் போன அன்று அப்பத்தாவையும் கூட்டிப்போய் வாயைக் காட்டினேன். இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதத்துக்கொரு தடவை கட்டாயம் பார்க்க வேண்டும், புகையிலையை விட வேண்டும் என்றார் டாக்டரம்மா. அப்பத்தா தலையை ஆட்டியது. சுருக்குப்பை இடுப்பிலேயே இருந்தது.

கிளம்பும்போது டாக்டரம்மா என்னிடம் இன்னொன்றும் சொன்னார். மேலே இடது பக்கமும் ஒரு ஞானப்பல் இருக்கிறது. கீழ்ப்பல் சரியாக முளைக்காததால் அது இறங்கி வந்திருக்கிறது, கன்னத்தைக் கடிக்கத் தொடங்கியிருக்கிறது. மே மாத லீவில் எடுக்கத் தேதி வாங்கியிருக்கிறேன். மேல் பல்லை எடுத்தால் கண் போய்விடும் என்பது அப்பத்தாவின் உறுதியான நம்பிக்கை. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்று டாக்டரம்மாவே சொன்னாலும் நம்பாது. அதனால் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

எங்கள் சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அதுவரை வாயைத் திறக்காதீர்கள்.